களையை எண்ணும் தம்பிக்கு



கர்னாலிலிருந்து நீ அனுப்பிய கட்டுரை வந்து சேர்ந்தது. குல்லி டண்டா என்கிற களையும் கோதுமையும் ஒரே வயலில் வளர்ந்தால் மகசூல் எவ்வளவு குறைகிறது என்று இரண்டு ராபி பருவம் பார்த்து எழுதியிருக்கிறாய். ஒரே மூச்சில் படித்தேன். பிறகு பென்சிலோடு உட்கார்ந்து மறுபடியும் படித்தேன். பதிலைத் தபாலில் போடாமல் பத்திரிகையில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. உன் கட்டுரையில் என்னை உறுத்திய இரண்டு குறைகளும் உன்னுடையவை மட்டுமல்ல. களை ஆய்வுக்கு வருகிற பிள்ளைகள் பலரிடம் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நீயும் சம்மதித்தாய், அதனால் எழுதுகிறேன்.

ஒளி, நீர், தழைச்சத்து ஆகியவற்றுக்காகப் போட்டி வரும் என்பதெல்லாம் நீ படித்துத் தேறிய பாடம். அதை விட்டுவிட்டு நேரே உன் மூன்றாவது வரைபடத்துக்கு வருகிறேன்.

சதுர மீட்டருக்கு எத்தனை களை என்பதைக் கீழ்க்கோட்டிலும், மகசூல் எத்தனை சதம் குறைந்தது என்பதைச் செங்குத்துக் கோட்டிலும் வைத்து, புள்ளிகளுக்கு நடுவே ஒரு நேர்கோடு இழுத்திருக்கிறாய். அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. உன் புள்ளிகள் நேராகப் போகவில்லையே தம்பி! இடது பக்கம் அவை விறுவிறுவென்று ஏறுகின்றன, வலது பக்கம் போகப் போகச் சாய்ந்து படுக்கின்றன. கண் பார்த்ததைக் கை மறுத்திருக்கிறது. ரோஜர் கஸன்ஸ் 1985இலேயே இந்த உறவு வளைகோடு என்று எழுதி, அதற்குச் சமன்பாடும் கொடுத்துவிட்டார். வயலில் முதலில் வந்து சேரும் சில களைகள் ஒவ்வொன்றும் கோதுமையிடமிருந்து முழுப் பங்கை எடுக்கின்றன. கூட்டம் பெருகப் பெருகக் களையோடு களையே மோதுகிறது. ஒவ்வொரு புதுச் செடியும் செய்கிற சேதம் குறைந்துகொண்டே போகிறது.

இது கணக்குப் பிள்ளைகளின் வாதம் என்று நினைத்துவிடாதே. "என் வயலில் கொஞ்சம்தான் இருக்கிறது, இந்த வருஷம் விட்டுவிடலாமா?" என்று ஒரு விவசாயி உன்னிடம் வந்து கேட்பார். உன் நேர்கோடு அவரிடம், கொஞ்சக் களைக்குக் கொஞ்ச நஷ்டம்தான் என்று சொல்லி அனுப்பிவிடும். வளைகோடு அப்படிச் சொல்லாது. கோடு மிகச் செங்குத்தாக ஏறுவது அந்தக் 'கொஞ்சம்' இருக்கிற இடத்தில்தான். அந்தக் கொஞ்சம் கொட்டுகிற விதையை அடுத்த வருஷம் யார் எண்ணுவது? குல்லி டண்டாவின் கதிர் நுனியிலிருந்து முற்றிக்கொண்டு வரும். கோதுமை அறுப்புக்கு வருவதற்குள் பாதிக்கு மேல் மண்ணில் உதிர்ந்துவிடும். அறுவடை இயந்திரம் வரும்போது அந்த வயலின் அடுத்த பருவக் களை ஏற்கெனவே விதைக்கப்பட்டாயிற்று.

இரண்டாவது குறைதான் எனக்குப் பெரிது. நீ களையை எண்ணிய நாள்.

கட்டுரையில் எண்ணிய தேதியை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டாய். படத்தைப் பார்த்தால் தெரிகிறது. குல்லி டண்டாவின் கதிர்கள் கோதுமைக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அது மார்ச் மாதம். எண்ணுவதற்கு அது மிக வசதியான காலம். கதிர் வந்துவிட்டால் எந்தக் குழந்தையும் களையைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் அந்த வயலில் நடக்க வேண்டிய சேதத்தில் பெரும்பகுதி அதற்குப் பல வாரங்கள் முன்னாலேயே நடந்து முடிந்துவிட்டது. மகசூலை ஒரே எண்ணாகப் பார்ப்பதால்தான் இது உன் கண்ணுக்குத் தப்பியது. ஒரு சதுர மீட்டரில் எத்தனை கதிர், ஒரு கதிரில் எத்தனை மணி, ஒரு மணி எவ்வளவு எடை: இந்த மூன்றையும் பெருக்கினால் வருவதுதான் மகசூல். ஒவ்வொன்றும் பயிரின் வாழ்க்கையில் வெவ்வேறு காலத்தில் தீர்மானமாகிறது.

ஹரியானாவில் நவம்பர் நடுவில் விதைத்த கோதுமையை எடுத்துக்கொள். மூன்று வாரத்தில் முதல் தண்ணீர். முடிவேர் இறங்கும் நேரம் அது. நான்காவது இலை எட்டிப்பார்க்கும்போது முதல் தூர் வெளியே வருகிறது. அதிலிருந்து மூன்று நான்கு வாரம் பயிர் தூர் கட்டுகிறது. களையெடுப்புக்கு முப்பதிலிருந்து நாற்பத்தைந்து நாள்தான் நெருக்கடியான காலம் என்று நாம் எல்லாரும் ஒப்பிக்கிறோம். அந்த நாட்களில் செடிக்குள் என்ன நடக்கிறது என்று குனிந்து பார்க்கிறவர்கள் குறைவு. தண்டு நீளத் தொடங்கியதும் செடி தன் தூர்களைக் கணக்குப் பார்க்கிறது. தாங்க முடியாததைக் கைவிடுகிறது. பக்கத்தில் களை நெருக்கியிருந்தால் கைவிடும் தூர் அதிகம். சதுர மீட்டரின் கதிர் எண்ணிக்கை அங்கே குறைகிறது. நீ மார்ச்சில் எண்ணிய களை, அதற்கு வெகு முன்பே தொலைந்துபோன கதிருக்கு விளக்கம் சொல்லாது.

இன்னொன்றும் உன் கட்டுரையில் இல்லை, அது எனக்கு வருத்தம். நிழல் விழுந்த பிறகுதான் ஒளிப்போட்டி தொடங்குகிறது என்று எழுதியிருக்கிறாய். பச்சை இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிட்டு, அதற்கும் அப்பாலுள்ள தூரச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. பக்கத்தில் வேறொரு இலை இருக்கிறது என்பது இந்த ஒளி விகிதம் மாறுவதிலிருந்தே கோதுமைக்குத் தெரிந்துவிடும். அதன் உடம்பில் உள்ள பைட்டோகுரோம் என்கிற நிறமி அதைக் கவனித்துக்கொண்டிருக்கிறது. நிழல் விழுவதற்கு முன்னாலேயே செடி தூர் மொட்டுகளை அடக்கிவிட்டு உயரத்தில் செலவு செய்யத் தொடங்கிவிடுகிறது. உரமும் தண்ணீரும் தாராளமாகக் கொடுத்த வயலிலும் களை இருந்தால் தூர் குறைகிறதே, அதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 'களை சத்தைத் திருடுகிறது' என்ற ஒரே வாக்கியத்தை நீ திரும்பத் திரும்ப எழுதும்போது பாதிக் கதை விட்டுப்போகிறது.

இப்போது நான் எங்கே வருவேன் என்று உனக்குத் தெரியும். என்னோடு வயலுக்கு வந்தவர்கள் எல்லாரும் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள்தான். இருந்தாலும் சொல்கிறேன்: களைப் போட்டியில் எண்ணிக்கையைவிட முளைத்த தேதி பெரிது. கோதுமைக்கு ஒரு வாரம் முந்தி முளைத்த பத்துச் செடியும், ஒரு வாரம் பிந்தி முளைத்த பத்துச் செடியும் ஒரே பத்து ஆகாது. பந்திக்கு முந்து என்று நம் ஊரில் சொல்வார்களே, வயலில் அதற்கு மிஞ்சிய சட்டமில்லை. முதலில் இலை விரித்தவனுக்கு ஒளி, முதலில் வேர் இறக்கியவனுக்குத் தழைச்சத்து. பின்னால் வந்தவன் மிச்சத்தில் வாழ வேண்டும்.

இந்த ஓட்டத்தில் இயற்கை கோதுமைக்கு ஒரு நல்ல தொடக்கத்தைக் கொடுத்திருக்கிறது. கோதுமை மணிக்குள் இருக்கும் சேமிப்பில் குல்லி டண்டாவின் மணிக்குள் இருப்பது மிகச் சிறு பங்குதான். இரண்டும் ஒரே நாளில் முளைத்தால் முதல் வாரங்களில் கோதுமையே பருத்து நிற்கும். களை நூல் மாதிரி மெலிந்திருக்கும். மண்ணின் சூடும் கோதுமை பக்கமே இருக்கிறது, நாம் அதைச் சரியாகப் பயன்படுத்தினால். குல்லி டண்டா பத்து முதல் இருபது டிகிரி வெப்பத்தில்தான் நன்றாக முளைக்கும். அக்டோபர் கடைசியில், மண்ணில் இன்னும் சூடு இருக்கும்போது விதைத்தால் கோதுமை ஒரு வாரத்துக்குள் வெளியே வந்துவிடுகிறது, களை தயங்குகிறது. நெல் அறுக்கத் தாமதமாகி, விதைப்புக்கு முந்தைய ராவுனித் தண்ணீர் பாய்ச்சி, உழுது, நவம்பர் கடைசிக்கோ டிசம்பருக்கோ விதைப்பு தள்ளிப்போனால் நிலைமை தலைகீழ். குளிரில் கோதுமை மெதுவாக முளைக்கிறது. களைக்கோ அதுதான் உகந்த காலம். உன் சோதனை வயலின் விதைப்புத் தேதியைப் பார்த்தேன். இரண்டு வருஷமும் தாமதம். உன் கட்டுரையில் வரும் நஷ்டத்தில் எவ்வளவு களையின் கணக்கு, எவ்வளவு அந்தத் தேதியின் கணக்கு என்று பிரித்துச் சொல்ல உன்னால் முடியாது.

நான் ஹரியானாவுக்கு வந்த காலத்தில் களைக்கு ஒரே பதில் ஐசோபுரோட்டூரான். எண்பதுகளில் அது வயல்களைச் சுத்தமாக வைத்திருந்தது. நெல்லும் கோதுமையும் மாறி மாறிப் பயிரிடும் கைத்தல், குருக்ஷேத்திரா, கர்னால் பக்கத்து விவசாயிகள் வருஷா வருஷம் அதையே தெளித்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மருந்து வேலை செய்யாமல் போனது. முதலில் எல்லாரும் கடையைத்தான் சந்தேகித்தார்கள்: கலப்பட மருந்து. பிறகு தெளிப்பானைச் சந்தேகித்தார்கள். அளவை இரட்டித்துப் பார்த்தார்கள். ஒரு கிராமத்தில் பெரியவர் ஒருவர் என்னை வரப்பில் நிறுத்திவிட்டு வயலுக்குள் இறங்கினார். கோதுமை எது களை எது என்று பிரிக்க முடியாத பசும்பாய். ஒரு கைப்பிடியைப் பிடுங்கி வந்து ஒவ்வொரு செடியாகப் பிரித்து என் உள்ளங்கையில் வைத்தார். கோதுமைக்கு ஒரு செடி, களைக்கு எத்தனையோ செடி. "இதற்கு மேல் நான் எதை அறுப்பது?" என்று கேட்டார். மறுவாரம் அந்த வயலைப் பச்சையாகவே அறுத்து எருமைக்குப் போட்டுவிட்டார். அந்த வருஷங்களில் அப்படித் தீவனமாகப் போன கோதுமை வயல்கள் பல. மோசமான இடங்களில் சதுர மீட்டருக்கு இரண்டாயிரம் மூவாயிரம் களை நின்றது.

ஹிசார் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆர்.கே.மாலிக்கும் சமுந்தர் சிங்கும்தான் அது கலப்படமில்லை, களைக்கே எதிர்ப்புத்திறன் வந்துவிட்டது என்று நிரூபித்தார்கள். இந்தியாவில் களைக்கொல்லிக்கு எதிர்ப்புத்திறன் பெற்ற களை அதுதான் முதல். பின்னால் வந்த ஆய்வு இன்னும் திகைப்பூட்டியது. ஐசோபுரோட்டூரான் கோதுமையைக் கொல்லாததற்குக் காரணம், கோதுமை அதைத் தன் நொதிகளால் உடைத்துச் செரித்துவிடுவதுதான். எதிர்ப்புத்திறன் பெற்ற குல்லி டண்டாவும் அதே வழியில், சைட்டோகுரோம் பி450 வகை நொதிகளைக் கொண்டே அதைச் செரித்தது. வெளித்தோற்றத்தில் கோதுமையைப் போல இருந்த செடி உள்ளேயும் கோதுமையைப் போலவே ஆகிவிட்டது. தொண்ணூறுகளின் கடைசியில் குளோடினாஃபாப், ஃபெனாக்சாப்ராப், சல்போசல்ஃபூரான் வந்தன. விவசாயிகள் மூச்சு விட்டார்கள். பின்னர் அவற்றையும் தாங்கி நிற்கும் குல்லி டண்டா பல வயல்களில் வந்துவிட்டது. இதனால்தான் உன் கட்டுரையின் கடைசிப் பத்தி, 'தகுந்த களைக்கொல்லியைத் தகுந்த நேரத்தில் தெளித்தால் இழப்பைத் தவிர்க்கலாம்' என்று முடிவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த வாக்கியத்தை நம்பிய ஒரு தலைமுறை விவசாயிகளை நான் பார்த்திருக்கிறேன்.

அவர்களைத் தூக்கி நிறுத்தியதில் ஒரு விதைப்புக் கருவிக்கும் பெரும் பங்கு உண்டு. நெல் அறுத்த தாளுக்கு நடுவே, உழாமல், மெல்லிய கீறல் போட்டு அதில் விதையும் உரமும் இறக்கும் டிரில். உழவை நிறுத்தியதால் ஆழத்தில் கிடந்த களை விதை மேலே வரவில்லை. உழவுக்கு ஆகும் நாட்கள் மிச்சமானதால் விதைப்பு முந்தியது. களை தாமதித்து வந்தபோது கோதுமை இலை விரித்து நின்றது. கோதுமையை முந்த வைப்பது என்ற ஒரே காரியத்தை அந்தக் கருவி இரண்டு வழியில் செய்தது. பின்னால் வந்த ஹாப்பி சீடர் வைக்கோலை எரிக்காமல் வயலிலேயே போர்வையாக விரித்து, முளைக்கப் பார்த்த களையையும் அமுக்கியது. இதற்கும் விலை உண்டு என்பதை உன்னிடம் மறைக்கமாட்டேன்: உழாத வயல்களில் காட்டுப் பாலக்கு என்று அவர்கள் சொல்லும் ரூமெக்ஸ் பெருகியது. அதன் லேசான விதை நெல் வயல் தண்ணீரில் மிதந்து மேற்பரப்பிலேயே தங்கிவிடும். வயல் ஒரு கதவை மூடினால் வேறொரு கதவைத் திறக்கும். அதைக் கவனிக்கத்தான் உன்னைப் போன்றவர்கள் வேண்டும்.

குட்டைக் கோதுமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதை வந்து இறங்கியது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதனும், அமைச்சர் சி.சுப்பிரமணியமும் அந்த முயற்சியில் வகித்த பங்கு தமிழர்கள் பெருமையோடு நினைப்பது, நானும் நினைக்கிறேன். நாடு பசியிலிருந்து மீண்டது அந்தக் குட்டைச் செடியால்தான். அதே குட்டைத்தனம் குல்லி டண்டாவுக்கு வெளிச்சத்தைத் திறந்துவிட்டது என்பதும் உண்மை. சி 306 போன்ற உயரமான பழைய ரகங்கள் கீழே வரும் களையை நிழலிலேயே வைத்திருந்தன. குட்டை ரகம் வந்தபோது அதோடு தழைச்சத்தும் பாசனமும் வந்தன. இரண்டையும் களையும் சேர்ந்தே அனுபவித்தது. உயரத்தைத் திரும்பக் கேட்க முடியாது. ஆனால் தொடக்கத்தில் வேகமாகத் தரையை மூடும் இலையையும், வரிசை இடைவெளியை நெருக்குவதையும், உரத்தைத் தூவாமல் விதைக்குப் பக்கத்தில் இறக்குவதையும் கேட்கலாம். உன் சோதனையில் ரகம் ஒன்று, இடைவெளி ஒன்று. களையை மட்டும் மாற்றிப் பார்த்தாய், கோதுமையின் பலத்தை மாற்றிப் பார்க்கவில்லை.

போட்டியில் கோதுமை தனியாக எவ்வளவு பலவீனம் என்பதை அறிய நீ இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட்டைப் படிக்க வேண்டும். 1843இல் தொடங்கிய பிராட்பால்க் வயலில் இன்றும் கோதுமை விளைகிறது. அதன் ஓரத்தில் சிறு பகுதியை 1882இல் அறுக்காமல் அப்படியே விட்டார்கள். உதிர்ந்த மணி முளைத்தது, களையும் முளைத்தது, யாரும் கை வைக்கவில்லை. நான்கே ஆண்டுகளில் அங்கே மிஞ்சியவை ஒரு சில கோதுமைச் செடிகள். கோதுமையா என்று சந்தேகப்படும் அளவுக்கு அவை குன்றிப்போயிருந்தன. பின்னாளில் அந்த இடத்தின் ஒரு பகுதி காடானது. மனிதன் பக்கத்தில் நிற்காவிட்டால் கோதுமைக்கு நான்கு வருஷத்துக்கு மேல் ஆயுள் இல்லை. நம் தொழில் எதற்காக இருக்கிறது என்று யாராவது கேட்டால் இதைச் சொல்.

இவ்வளவு திட்டிவிட்டேன். ஆனால் உன் கட்டுரையின் நான்காம், ஐந்தாம் பக்கங்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் அது அநியாயம். இரண்டு இலைப் பருவத்தில் களையையும் கோதுமையையும் பிரித்தறிவது பற்றி நீ எழுதியிருக்கிறாயே, அதைப் போன்ற ஒரு விவரிப்பை நான் தமிழில் இதுவரை பார்த்ததில்லை. இலைத்தாளையும் உறையையும் பிரித்து, கோதுமைக்கு மயிர் முளைத்த இரண்டு இலைக்காதுகள் தண்டைத் தழுவிக்கொண்டிருப்பதையும், குல்லி டண்டாவுக்குக் காது இல்லாமல் நீண்ட சவ்வு நாக்கு மட்டும் இருப்பதையும் வரைந்து காட்டியிருக்கிறாய். அடித்தண்டைக் கிள்ளினால் களையில் இளஞ்சிவப்புச் சாறு கசியும், கோதுமையில் கசியாது என்று உன் விரலில் பட்ட கறையோடு படம் போட்டிருக்கிறாய். வேரோடு பிடுங்கி, மண்ணைக் கழுவி, இரண்டு வேர்களையும் பக்கத்தில் வைத்து வரைந்த அந்தப் படத்தை என் மேஜைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். அந்த இரண்டு பக்கத்தை எழுதுவதற்கு முழங்காலில் உட்காரும் பொறுமை வேண்டும்; உனக்கு அது இருக்கிறது. உன் வயதில் நான் சந்தித்த மிகச் சிறந்த கண் உன்னுடையது, தயங்காமல் சொல்கிறேன்.

அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு நீ மார்ச்சில் எண்ணினாய் என்பதுதான் என் ஆற்றாமை. களையை இரண்டு இலையில் அடையாளம் காணத் தெரிந்தவனுக்குக் கதிர் வரும்வரை காத்திருக்க என்ன அவசியம்?

வருகிற ராபிக்கு இப்படிச் செய். அக்டோபர் கடைசி, நவம்பர் நடு, டிசம்பர் முதல் வாரம் என்று மூன்று விதைப்புத் தேதிகள். ஒவ்வொன்றிலும் உழுத வயல் ஒன்று, உழாத வயல் ஒன்று. எண்ணுவதற்கு வைக்கும் சட்டகத்துக்குள் முளைக்கும் ஒவ்வொரு களைக்கும் முளைத்த வாரத்துக்கு ஒரு நிறம் என்று கம்பி வளையம் மாட்டு. முதல் தண்ணீருக்குப் பிறகு வருபவற்றுக்குத் தனி நிறம். ஜனவரி வரை வாரம் ஒருமுறை கோதுமையின் தூரை எண்ணு. அறுவடையில் கதிர், மணி, எடை மூன்றையும் தனித்தனியாக எடு. முந்தி வந்த களையும் பிந்தி வந்த களையும் எதை எதைக் குறைத்தன என்று பார். நேர்கோடு போடாதே. முடித்ததும் தூர்க் கணக்கு எழுதிய குறிப்பேட்டை எனக்கு அனுப்பு. கட்டுரை பிறகு வரட்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்